டின் இல்லாமலே கண்டென்ஸ்டு மில்க்!

ஃப்ரூட் சாலட்ல இருந்து சேமியா பாயசம் வரைக்கும் எந்த ரெசிப்பியைப் புரட்டினாலும் ‘கண்டென்ஸ்டு மில்க் - அரை டின்’னு போட்டுடறாங்க. மீதி அரை டின்? அதான் ஸ்பூனோட ரூம்மேட் ரெடியா நிக்கறாரே! மாசக் கடைசியில டின் வாங்கற அளவுக்குப் பர்ஸ் இடம் கொடுக்கலைன்னா கவலையை விடுங்க பாஸ். அதுக்குள்ள இருக்கறது பாலும் சர்க்கரையும்தான்.

அரை லிட்டர் ஃபுல் க்ரீம் பால், 110 கிராம் சர்க்கரை. அடி கனமான, வாய் அகலமான பாத்திரம். வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் தண்ணி ஆவியாகும். பால் கொதிச்சதும் சர்க்கரையைக் கொட்டி, தீயைக் குறைச்சுக் கிண்டிக்கிட்டே இருங்க. பால் பழசாயிருந்தா திரிஞ்சுடும், புதுப் பால்தான் வேணும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டா திரியற பயம் இன்னும் குறையும். அடிப்பிடிச்சா சுரண்டாதீங்க, கருகல் மொத்தமும் மேல வந்துடும்.

எப்போ இறக்கறது? இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. கெட்டியாகட்டும்னு காத்திருந்தா ஆறினப்புறம் கத்தி வெச்சு வெட்டணும். கிண்டற கரண்டிக் காம்பை ஆரம்பத்துலயே பாலுக்குள்ள நிறுத்தி, ஈரம் ஏறின உயரத்தைக் குறிச்சுக்குங்க. அதுல மூணுல ஒரு பங்குக்கு இறங்கினதும் அடுப்பை அணைச்சுடுங்க. சூட்டுல தண்ணியாத்தான் தெரியும். ஆறட்டும், டின் பதம் வந்துடும். சுமார் கால் கிலோ தேறும்.

ஆனா நிறம் மட்டும் கடைச் சரக்கு மாதிரி வராது. காரணம் உங்க கைப்பக்குவம் இல்லை! 1856-ல அமெரிக்காவின் கெயில் போர்டன் இதுக்குப் பேட்டன்ட் வாங்கினபோது பயன்படுத்தினது, காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய பாத்திரம். உள்ளே அழுத்தம் கம்மி. அதனால பால் 60 டிகிரி பக்கத்துலயே கொதிச்சு வத்திடும், சிவக்காது. ஃப்ரிட்ஜ் இல்லாத அந்தக் காலத்துல, 1861-65 உள்நாட்டுப் போர்ல ராணுவத்துக்கு டின் டின்னா போனது இந்தச் சரக்குதான். நம்ம அடுப்புல பால் 100 டிகிரியைத் தாண்டும். லேசா சிவக்கும், பால்கோவா வாசம் வரும். என் ஓட்டு அந்த வாசத்துக்குத்தான்!

டின் பால் கெடாம இருக்கறதுக்கும் ரகசியம் சர்க்கரைதான். ஊறுகாய்ல உப்பு பார்க்கற வேலையை இங்க சர்க்கரை பார்க்குது, கிருமிக்குத் தண்ணி கிடைக்க விடாது. கூடவே டின்னுக்கு சீல் இருக்கு. உங்க பாட்டிலுக்கு அது இல்லை. அதனால ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு வாரத்துல காலி பண்ணிடணும். எச்சில் ஸ்பூனுக்கு நோ என்ட்ரி!

இன்னொண்ணு. கேரமல் பண்றேன்னு திறக்காத டின்னைத் தண்ணியில போட்டு வேக வைக்கிற விளையாட்டு வேணவே வேணாம். தண்ணி வத்தினா டின் வெடிக்கும். முகத்துக்கு நேரா வெடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

லீவு முடிஞ்சு ராத்திரி பஸ்ல ஹாஸ்டலுக்குக் கொண்டு போகணுமா? அப்ப பாதியில அடுப்பை அணைக்காதீங்க. கெட்டியா சுருண்டு வர்ற வரைக்கும் கிண்டி, ஏலக்காய் தட்டிப் போட்டுடுங்க. அதுக்குப் பேர் திரட்டுப்பால். பக்குவம் தப்பி அப்படி ஆகிட்டாலும் அதே பேர்தான். தைரியமா நீட்டுங்க!