பாலக் கணிப்பில் ஒழுங்கையும் ஓடும் பாரமும்

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறும் வீதியும், தேயிலைத் தோட்டங்களை நாடி அதனின்று பிரியும் கிளைவழிகளும் மலைச்சரிவைத் தழுவி வளைந்து வளைந்து செல்வன. இத்தகைய நாட்டில் ஓடைகளைக் கடக்கும் சிறு பாலங்கள் பல, ஒரு வண்டி மாத்திரம் செல்லத்தக்க அகலமுடையன. கொழுந்து லொறியும் பிள்ளைகளை ஏற்றிய பேருந்தும் அவற்றின் மீதே செல்லவேண்டும். அத்தகைய பாலமொன்று எத்துணைப் பாரந் தாங்குமெனக் கணனியை வினவும் பொறியியலாளர், பாரத்தின் நிறையோடு, அது பாலத்தின்மீது எவ்வழியே ஓடும் என்பதையுங் கூறியாகவேண்டும். அவ்வழியே ஒழுங்கை எனப்படுவது.

புகையிரதப் பாலத்தில் இவ்வினா பெரிதும் எழுவதில்லை. 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய இருப்புப் பாதையில், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையேயுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சில்லுகள் செல்லுமிடத்தை 1676 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்த இரு தண்டவாளங்கள் வரையறுத்துவிட்டன. வீதிப் பாலத்திற்கோ அத்தகைய கட்டுப்பாடில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்கு இருமருங்கும் வேலியுண்டு. பாலத்தின் ஒழுங்கைக்குக் கணிப்போர் கருத்தே வேலி. வீதியிற் பூசிய வெள்ளைக்கோடும் இதுவும் ஒன்றல்ல.

பிரித்தானிய நியமம் 5400, தன் 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் இதனைத் தெளிவாக வகுத்தது. வண்டிப்பாதை 4.6 மீற்றருக்கு மேற்பட்டு 7.6 மீற்றர் வரை அகலமாயின் இரண்டு ஒழுங்கைகள். ஐந்து மீற்றர் அகலத்தில் இரு லொறிகள் ஒன்றையொன்று கடப்பது அரிது. எனினும், நெருக்கடி வேளையில் அவை அங்கு நெருங்கி நிற்றல் கூடுமாதலின் விதி இரண்டெனவே கொள்கின்றது. 4.6 மீற்றருக்குக் குறைந்தாற் 3 மீற்றர் அகலமுள்ள ஒரே ஒழுங்கை. எஞ்சிய பரப்பிற் சதுர மீற்றருக்கு 5 கிலோநியூற்றன், அதாவது ஏறக்குறைய அரைத்தொன் பாரம்.

ஒழுங்கையை எங்கே வைப்பது என்பதிலேதான் இடர் உளது. 4.2 மீற்றர் அகலமான வண்டிப்பாதையை, 3 மீற்றர் இடைவெளியுள்ள இரு உருக்குத் தீராந்திகள் தாங்குவதாகக் கொள்வோம். பத்துத் தொன் லொறி நடுவே செல்லின் ஒவ்வொரு தீராந்திக்கும் 5 தொன் சேரும். 3 மீற்றர் ஒழுங்கையை ஓர் ஓரத்திற்கு ஒதுக்கினால் அதன் நடுக்கோடு 0.6 மீற்றர் விலகும். அவ்வோரத் தீராந்திக்கு 7 தொன். 2.4 மீற்றர் அகலமுள்ள லொறி அவ்வொழுங்கைக்குள்ளேயும் ஓரத்தைச் சார்ந்து சென்றால் மேலும் 0.3 மீற்றர் விலகும். அப்பொழுது 8 தொன். லொறியும் பாலமும் மாறவில்லை. பங்கோ ஐந்திலிருந்து எட்டாகிவிட்டது. இது வெறுங் கற்பனையன்று. மலைநாட்டுச் சாரதி பள்ளப்புறத்தை அஞ்சி மலைப்புறமாகவே வண்டியை ஒதுக்குதல் இயல்பு.

கணனி இவற்றைத் தானாக உய்த்துணராது. பாலத்தின் ஆதாரக்கோடொன்று, அதிலிருந்து ஒழுங்கையின் விலகல், ஒழுங்கையின் அகலம் ஆகியவற்றை அதற்கு ஊட்டவேண்டும். அகலத்தைப் பூச்சியமாக விட்டுவிட்டால், வண்டி ஒரே கோட்டிற் பிசகாது ஓடுவதாகக் கொண்டு அது விடை தரும். மேற்கண்ட எட்டாவது தொன் விடையில் இராது. விலகலும் இருபுறத்திற்குந் தரப்படல் வேண்டும். இன்றேல் ஒரு தீராந்தி மாத்திரமே சோதிக்கப்பட்டதாகும்.

நீளப்போக்கிலும் கவனம் வேண்டும். அலகுப் பாரம் ஒவ்வோர் இடத்தில் நிற்கும்போதும் குறித்த ஓர் உறுப்பில் எழும் விளைவைக் காட்டுவது செல்வாக்குக் கோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மானிய அறிஞர் வகுத்த முறை. கணனியும் அவ்வழியே பாரத்தைப் படிப்படியாக நகர்த்துகின்றது. 12 மீற்றர்ப் பாலத்தில் அடிவைப்பை 4 மீற்றராக அமைத்தால், பாரம் 4ஆம், 8ஆம் மீற்றர்களில் நிற்குமேயன்றி நடுவில் ஒருபோதும் நில்லாது. ஒற்றைப் பத்துத் தொன் பாரத்தால் எழும் உச்ச வளைவுத் திருப்புதிறன் 30 தொன்-மீற்றர். விடையிற் காண்பதோ 26.7.

வளைந்த வீதியில் இப்பிழை பக்கவாட்டிலும் புகும். தீராந்திகள் நேராகக் கிடப்பினும் மேலோடும் வீதி வளைந்திருத்தல் மலைநாட்டிற் புதிதன்று. 15 மீற்றர் ஆரையுள்ள வளைவில் ஒழுங்கையை 6 மீற்றர் நேர்த்துண்டுகளாகக் குறித்தால், ஒவ்வொரு துண்டின் நடுவும் மெய்யான வழியினின்று 0.3 மீற்றர் உட்புறமாக விழும். முன்னைய பாலத்தில் அதன் பொருள், வெளிப்புறத் தீராந்தி சுமக்கும் ஒரு தொன் உட்புறத் தீராந்தியின் கணக்கில் எழுதப்படுகின்றது என்பதே.