கணக்கில் செத்த கம்ப்யூட்டர்கள்

வாசக அன்பர்களில் பலர் அலுவலகம் செல்பவர்கள். அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தூசி படிந்த கம்ப்யூட்டர்கள் ஏழெட்டு அடுக்கிக் கிடக்கும். அவற்றில் பலவும் கெட்டுப்போனவை அல்ல, கணக்கில் செத்தவை. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுத் தேய்மானம் 40 சதவீதம். 50,000 ரூபாய்க்கு வாங்கியது ஐந்தே ஆண்டில் 4,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிடும்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய பிராசசர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே நன்றாக ஓடும் இயந்திரமும் கபாடிவாலாவின் தராசுக்குப் போகிறது.

பிறகு எங்கே போகிறது? டில்லிவாசிகளுக்குச் சீலம்பூர் தெரியும். வெறுங்கையால் உடைப்பதும், செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதும், போர்டுகளை அமிலத்தில் முக்குவதும் ஆண்டுக்கணக்காக நடந்து வந்த பகுதி. விதிகள் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெரிய அலுவலகங்கள் தம் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

மறுசுழற்சியைவிட மறுபயன்பாடே மேல் என்பேன். பழைய குண்டு மானிட்டரோடு கூடிய ஒரு கம்ப்யூட்டரைத் தயாரிக்க 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 கிலோ தண்ணீர் செலவாகிறது என்று 2004-இல் ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. உடைத்து உருக்கினால் கொஞ்சம் உலோகம் திரும்பும். அந்தத் தண்ணீர் திரும்புமா?

அலுவலகங்கள் தயங்குவது டிஸ்க்கில் உள்ள விவரங்களை நினைத்துத்தான். நியாயமான பயம். ஃபைலை அழிப்பது, புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போல. பக்கங்கள் அப்படியே இருக்கும். டிஸ்க் முழுவதையும் வேறு எழுத்தால் மேலெழுதும் மென்பொருள்கள் இலவசமாகவே உண்டு. அதிலும் நம்பிக்கை இல்லையா? நாலு திருகைக் கழற்றி டிஸ்க்கை மட்டும் எடுத்து உடைத்துவிடுங்கள். அதற்காக இயந்திரத்தையே ஏன் கொல்ல வேண்டும்?

அந்த இடத்தில் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டு, ராமை 8 ஜி.பி. ஆக்கினால் போதும். இரண்டும் நேரு பிளேஸில் கிடைக்கும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட், காசு கிடையாது. அதில் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. தமிழைப் பேச மட்டுமே தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் தட்டச்சு செய்து பழக இதைவிட என்ன வேண்டும்? கடிதம், கணக்கு, பாடம் எல்லாம் ஓடும். புதிய விளையாட்டுகள் ஓடா (அம்மாக்களுக்கு அது ஒரு சௌகரியம்!).

ஆனால் தானம் என்ற பெயரில் குப்பையைத் தள்ளிவிடாதீர்கள். கீபோர்டு, மவுஸ், பவர் கேபிள் இல்லாத பெட்டியை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் என்ன செய்யும்? ஒரு முழு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். தேதி தவறினால் உள்ளே உள்ள நாணயம் போன்ற பாட்டரியை மாற்றுங்கள். ஓடாதவற்றையும், கண்ணாடியில் ஈயம் கலந்த குண்டு மானிட்டர்களையும் தனியே பிரித்துப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அனுப்புங்கள். கொடுக்கும் இடத்தில், பழுதானால் வந்து பார்க்க ஒருவரையும் ஏற்பாடு செய்துவிடுங்கள். இல்லையேல் ஆறே மாதத்தில் அது இன்னொரு மாடிப்படிக்கு அடியில் கிடக்கும்.