விசிட்டிங் கார்டில் க்யூ.ஆர் கோடு: ஆயிரம் கார்டு அச்சடிக்கும் முன் இதைக் கவனிங்க!

கல்யாண வீட்டில் சாப்பாடு பிரமாதம். சமையல் கான்ட்ராக்டரிடம் போய், "உங்க கார்டு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால், இப்போதெல்லாம் பலர் சட்டைப்பையைத் தேடுவதில்லை. போனை நீட்டி, "ஸ்கேன் பண்ணிக்கோங்க" என்கிறார்கள். அடுத்த நொடி, அவர் பெயரும் எண்ணும் உங்கள் கான்டாக்ட்ஸில் ஏறிவிடுகின்றன. ஒரு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டு, யாரையோ தூக்கத்தில் எழுப்பும் வம்பு இல்லை.

எலெக்ட்ரீஷியன், ஆரி வொர்க் செய்யும் பெண்கள், டியூஷன் டீச்சர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று எல்லோருக்கும் கைகொடுக்கும் வசதி இது. ஆனால், "ஃப்ரீ க்யூ.ஆர் கோடு" என்று தேடி, முதலில் வரும் இணையதளத்தில் உருவாக்கி, கையோடு ஆயிரம் கார்டு அச்சடித்துவிட்டால் சிக்கல் வரலாம். சில வாரங்களிலேயே அந்தக் கோடு வேலை செய்யாமல் போகக்கூடும். ஏன் அப்படி?

கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

க்யூ.ஆர் கோடு பிறந்தது 1994-ல், ஜப்பானில். கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது. பார்கோடைவிடப் பல மடங்கு அதிகத் தகவல் இதில் அடங்கும். அதனால்தான் ஒருவரின் பெயர், போன் எண், இமெயில், முகவரி எல்லாவற்றையும் இந்தச் சின்னக் கட்டத்துக்குள் வைக்க முடிகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, ஸ்டாட்டிக். உங்கள் விவரங்கள் நேரடியாகக் கட்டத்துக்குள்ளேயே இருக்கும். இடையில் எந்த நிறுவனமும் இல்லை. இன்டர்நெட் இல்லாத இடத்திலும் எண்ணைச் சேமிக்கலாம். காலாவதி ஆகாது. ஆனால், போன் எண் மாறினால் புதுக் கார்டுதான் அச்சடிக்க வேண்டும்.

இரண்டாம் வகை, டைனமிக். கட்டத்துக்குள் இருப்பது ஒரு இணைய முகவரி மட்டுமே. உங்கள் விவரங்கள் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். எண் மாறினால் உள்ளே போய்த் திருத்திக்கொள்ளலாம், கார்டை மாற்ற வேண்டியதில்லை. எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்றும் தெரியும். ஆனால், இலவச காலம் முடிந்து சந்தா கட்டாவிட்டால் சில நிறுவனங்கள் கோடை முடக்கிவிடுகின்றன. கையில் கார்டு இருக்கும். ஸ்கேன் செய்பவருக்கு, 'பணம் கட்டுங்கள்' என்ற அறிவிப்போ வெற்றுப் பக்கமோதான் தெரியும். வாடிக்கையாளர், கடையை மூடிவிட்டார்கள் போல என்று நினைத்துப் போய்விடுவார்.

எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோடை உருவாக்கியதும் இன்னொரு போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். பெயரும் எண்ணும் வந்து, கான்டாக்டில் சேர்க்கவா என்று கேட்டால் அது ஸ்டாட்டிக். உங்களுக்குச் சம்பந்தமில்லாத இணைய முகவரி வந்தால் டைனமிக். அப்படியானால், இலவசம் எத்தனை நாளைக்கு, அதன் பிறகு கட்டணம் எவ்வளவு என்று படித்துப் பார்க்காமல் அச்சகத்துக்குப் போகாதீர்கள்.

கையிலேயே இருக்கும் வழிகள்

இதற்கென்று தனி ஆப் தேவையே இல்லை. கூகுள் கான்டாக்ட்ஸ் ஆப்பில் உங்கள் பெயரையே ஒரு கான்டாக்டாகச் சேமித்து, 'ஷேர்' பகுதிக்குப் போனால் க்யூ.ஆர் கோடு கிடைக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் உங்கள் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கோடு இருக்கிறது. அதை அச்சடித்திருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை: 'ரீசெட்' கொடுத்தால் பழைய கோடு செல்லாது. ஐஓஎஸ் 17 அல்லது அதற்குப் பிந்தைய ஐபோன் வைத்திருப்பவர்கள், இரண்டு போன்களின் மேல்முனைகளை அருகருகே கொண்டுவந்தே எண்ணைப் பகிரலாம். இதன் பெயர் நேம்டிராப்.

அச்சடிக்கும்போது...

* விவரம் கூடக் கூட, கட்டத்தின் புள்ளிகள் பொடியாகும். ஸ்கேன் ஆவது கஷ்டம். பெயர், தொழில், எண், இமெயில் போதும். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், தமிழில் கொடுத்தால் இன்னும் சுருக்கமாகக் கொடுங்கள்.
* கோடு 2 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள்.
* வெள்ளைப் பின்னணியில் கறுப்புதான் பாதுகாப்பு. தங்க நிறம், மினுமினுப்பு எல்லாம் கேமராவுக்கு ஆகாது.
* முதலில் ஒரே ஒரு கார்டு அச்சடித்து, பழைய போன் உட்பட மூன்று, நான்கு போன்களில் சோதியுங்கள்.
* எண்ணை எழுத்திலும் அச்சிடுங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாவும் உங்கள் வாடிக்கையாளர்தானே!

எதைக் கொடுக்கக் கூடாது?

போனில் காட்டும் கோடை யார் வேண்டுமானாலும் போட்டோ எடுத்து அனுப்பலாம். ஒருமுறை வெளியே போன எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள், வீட்டு முகவரிக்குப் பதிலாக ஏரியா பெயரை மட்டும் போடலாம். தொழிலுக்குத் தனி எண் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பிறந்த தேதி, ஆதார் எண், குடும்பப் படம் ஆகியவற்றுக்குக் கார்டில் இடமே வேண்டாம்.

அடுத்தவர் கார்டை ஸ்கேன் செய்யும்போதும் உஷார். ஒரு எண்ணைச் சேமிக்க ஓடிபி, யூபிஐ பின், பாஸ்வேர்டு எதுவும் தேவையில்லை. இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்டாலோ, ஆப் டவுன்லோடு செய்யச் சொன்னாலோ உடனே மூடிவிடுங்கள். அந்த ஒரு எண்ணை வாய்விட்டுக் கேட்டு எழுதிக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை!