பிக் பேங்குக்கு ஊட்டியிலிருந்து ஒரு சாட்சி

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் சேரம்பாடியில் வானம்னு ஒண்ணு இருக்கிறதே மறந்து போயிடும். மழை, மழை நின்னா மூடுபனி, அது கலைஞ்சா மறுபடி மழை. செப்டம்பர் வரைக்கும் நட்சத்திரம் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஸ்கூலில் பிக் பேங் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி மனப்பாடம் செய்தேன். எங்கேயோ தெளிவான வானத்துக்குக் கீழே யாரோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது, நமக்கு ரெண்டு மார்க், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த வழக்கில் எங்கள் நீலகிரி மாவட்டமே ஒரு சாட்சி சொல்லியிருக்கு என்பது மூன்றாம் வருஷம் ஆன்டெனா பேப்பருக்குப் படிக்கும்போதுதான் தெரிந்தது.

முதலில் வழக்கு என்னன்னு பார்ப்போம். கேலக்ஸிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன என்பதை 1929-க்குப் பிறகு பெரும்பாலும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் முன்னொரு காலத்தில் எல்லாம் நெருக்கமாக, சூடாக இருந்திருக்கணும், அதாவது ஒரு தொடக்கம் இருந்திருக்கணும் என்றது ஒரு கட்சி. 1948-ல் ஃப்ரெட் ஹாய்ல், பாண்டி, கோல்டு மூவரும் அதை மறுத்தார்கள். விலகும் இடைவெளியில் புதுசா ஹைட்ரஜன் உருவாகிக்கொண்டே இருக்கு, அதனால் பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரிதான், தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை என்றார்கள். இதற்குப் பெயர் ஸ்டெடி ஸ்டேட். வேடிக்கை என்னன்னா, "பிக் பேங்" என்ற பெயரையே 1949-ல் பிபிசி ரேடியோவில் முதலில் சொன்னது எதிர்க்கட்சிக்காரரான ஹாய்ல்தான்.

இதை எப்படித் தீர்ப்பது? வானத்தில் தூரம் என்றால் பழைய காலம். நாம் பார்க்கும் சூரியன் எட்டு நிமிஷத்துக்கு முந்தையது. கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கும் கேலக்ஸியைப் பார்த்தால் அத்தனை கோடி வருஷத்துக்கு முந்தைய பிரபஞ்சம் தெரியும். அன்றைய கேலக்ஸிகளும் இன்றைய மாதிரியே இருந்தால் ஹாய்ல் ஜெயித்தார். மாறியிருந்தால் தோற்றார்.

இப்போ முத்தோரைக்கு வருவோம். ஊட்டிக்குப் பக்கத்தில், பாலாடா காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். ஹோமி பாபாவின் அழைப்பில் 1963-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து திரும்பிய கோவிந்த் ஸ்வரூப், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக இங்கே ஒரு ரேடியோ டெலஸ்கோப் கட்டினார். 1970-ல் அது இயங்க ஆரம்பித்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வட்டமான டிஷ் கிடையாது. வாய்க்கால் மாதிரி வளைந்த 24 பெரிய சட்டங்கள், அவற்றின் மேல் சுமார் 1,100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள். அதுதான் கண்ணாடி.

அதை ஏன் மலைச்சரிவில் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அப்படிச் செய்தால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பூமி சுற்றச் சுற்ற, டெலஸ்கோப்பை அந்த ஒரே அச்சில் எதிர்ப்பக்கம் திருப்பினால் போதும், ஒரு பொருளைத் தொடர்ந்து ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். வடக்கு தெற்காக நகர மோட்டாரே வேண்டாம். 1,056 டைபோல்களின் ஃபேஸை மாற்றினால் பீம் தானாக நகரும். இ.சி.இ. மக்களே, நாம் ஃபேஸ்டு அரே என்று படிக்கிறோமே, அதேதான். எங்கள் ஊர்ப் பக்கமும் சரிவுக்குப் பஞ்சமில்லை, ஆனா தேயிலைதான் நட்டாங்க.

ரேடியோ அலைக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. அலைநீளம் 92 சென்டிமீட்டர், பனித்துளி அதை என்ன செய்யும்?

ஆனால் அந்த அலைநீளத்திலேயே ஒரு சிக்கலும் இருக்கு. 30 மீட்டர் அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டால், கிழக்கு மேற்காக ரெண்டு டிகிரியைவிட நுணுக்கமாகப் பார்க்க முடியாது. நிலாவே அரை டிகிரிதான். அளக்க வேண்டிய ரேடியோ கேலக்ஸிகளோ சில ஆர்க்செகண்டுகள், அதாவது ஒரு டிகிரியின் 3,600-ல் சில பங்கு. அதனால் ஸ்வரூப் குழு நிலாவையே கருவியாக்கியது. நிலா வானத்தில் நொடிக்குச் சுமார் அரை ஆர்க்செகண்டு நகர்கிறது. அதன் விளிம்பு ஒரு கேலக்ஸியை மறைக்கும்போது சிக்னல் எத்தனை நொடியில் விழுகிறது என்று பார்த்தால் போதும். இருபது நொடியில் விழுந்தால் அகலம் சுமார் பத்து ஆர்க்செகண்டு. இந்த ஐடியாவைப் படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரல.

இப்படி ஒவ்வொன்றாக அளந்து சேர்த்து, 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் பிரிட்டனின் ராயல் வானியல் கழக இதழில் கட்டுரைகள் எழுதினார்கள். மங்கலான, அதாவது பொதுவாகத் தூரத்து, ரேடியோ கேலக்ஸிகள் சின்னதாகத் தெரிந்தன. தூரத்தில் இருந்தால் சின்னதாகத்தானே தெரியும், இதில் என்ன என்று கேட்கலாம். நம்ம கிரவுண்டில் பசங்க வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கான கணக்கைக் கழித்த பிறகும் கடைசி வரிசை குள்ளமாக இருந்தால், அங்கே நிற்பது ஃபைனல் இயர் இல்லை, எல்.கே.ஜி. ஊட்டி அளவுகளில் தெரிந்ததும் அதுதான். பழங்காலத்து ரேடியோ கேலக்ஸிகள் நிஜமாகவே சிறியவை, எண்ணிக்கையிலும் அதிகம். பிரபஞ்சம் மாறியிருக்கிறது.

நேர்மையாகச் சொல்லணும்னா ஸ்டெடி ஸ்டேட்டுக்குப் பெரிய அடி 1965-லேயே விழுந்துவிட்டது. எல்லாத் திசையிலிருந்தும் வரும் மைக்ரோவேவ் மிச்சச்சூட்டை அமெரிக்காவில் பென்ஸியாஸும் வில்சனும் கண்டுபிடித்திருந்தார்கள். ஊட்டி சொன்னது அதைச் சாராத இன்னொரு சாட்சி. அப்பவும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஹாய்லின் மாணவர் ஜயந்த் நார்லிகர் 1972 முதல் அதே டாடா நிறுவனத்தில்தான் வேலை செய்தார், கடைசிவரை பிக் பேங்கை முழுசாக ஏற்கவில்லை. ஒரே கேன்டீனில் ரெண்டு பிரபஞ்சம்!

சரி, தொடக்கம் இருந்தால் என்ன? இன்றைய கணக்கில் அது 1,380 கோடி வருஷத்துக்கு முன்னால். முதல் சில நிமிஷங்களில் உருவானது ஏறக்குறைய ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும்தான். ஆக்ஸிஜன், கார்பன், அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் உள்ள இரும்பு எல்லாம் பிறகு நட்சத்திரங்களுக்குள் வெந்தவை. சூரியன் மாதிரி நட்சத்திரம் ஹைட்ரஜனை ஹீலியமாக்கியே சுமார் ஆயிரம் கோடி வருஷம் ஓட்டும். நம்முடையது பாதி வழியில் இருக்கு. பிறகு ஊதிச் செம்பூதமாகி, வெளிப்பகுதியை இழந்து, வெண்குள்ளனாகச் சுருங்கி ஆறும்.

மிச்ச மையம் சூரியனைப் போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் அப்படி ஆற முடியாது. 1930-ல் சென்னை பிரசிடென்சி காலேஜ் முடித்து, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் 19 வயது சந்திரசேகர் போட்ட கணக்கு இந்த எல்லைக்கு வழிகாட்டியது. 1935-ல் எடிங்டன் சபையிலேயே கேலி செய்தார். நோபல் வந்தது 1983-ல். இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீட்டவில்லை. ராட்சத நட்சத்திரங்களின் மையம் அந்த எல்லையைத் தாண்டி இடிந்து விழும்போது, வெளிப்பகுதி சூப்பர்நோவாவாகச் சிதறும். நடுவில் மிஞ்சுவது கருந்துளை, இல்லையென்றால் 20 கிலோமீட்டர் அளவுள்ள நியூட்ரான் நட்சத்திரம். அப்படி ஒன்று வேலா பல்சர். நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றுகிறது. அதன் துடிப்பையும் முத்தோரை டெலஸ்கோப் பதிவு செய்கிறது.

போன லீவில் சேரம்பாடியிலிருந்து மூணு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் ஊட்டி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனேன். தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. கேரட் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், "அது என்னக்கா தெரியுமா?" என்று கேட்டேன். "அதுவா தம்பி, வானத்தக் கேக்குற ரேடியோ" என்றார். அரை மணி நேரத்தில் பனி இறங்கி மொத்தத்தையும் மறைத்துவிட்டது. உள்ளே அது வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.