வீட்டிலே படிப்பு: பெண்ணுக்கு நேரம் தருவது யார்?

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திற்கே வந்து சேர்ந்தனர். இழந்த வயலையும் வீட்டையும் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அன்று பாதியில் நின்றுபோன பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவது குறைவு. அப்போது பத்து வயதாயிருந்தவர் இன்று குடும்பத் தலைவி. அவருக்கும், திருமணத்தோடு படிப்பை விட்ட அவருடைய மகளுக்கும் கல்விக் கதவு மூடிவிட்டதா?

மூடவில்லை. 1980இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 18 வயது நிரம்பியவர்களுக்குத் தொலைக்கல்வி வழங்குகிறது. அதன் தலைமையகம் நாவலையில் இருந்தாலும் புத்தளத்திலும் அதற்கு ஒரு கற்கை நிலையம் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைப் பாடநெறி வழியாகப் பட்டப்படிப்பை நோக்கிச் செல்லலாம். நம் கிராமங்களுக்கு மிகவும் தேவையான முன்பள்ளி ஆசிரியர்களுக்கான பாடநெறியும் அங்கு உண்டு. ஆனால் மற்றப் பல்கலைக்கழகங்களைப் போல் இது இலவசமல்ல; கட்டணம் செலுத்த வேண்டும்.

தடை எங்கே?

“வீட்டிலிருந்தபடியே படிக்கலாம்தானே” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெண்ணுக்கு வீடுதான் வேலைத்தலம். விடியுமுன் அடுப்பு, பிறகு பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புதல், பகலில் வெங்காயத் தோட்டத்திலோ மிளகாய்த் தோட்டத்திலோ கூலி வேலை, பின்னேரம் மீண்டும் அடுப்பு. பாடநூலைத் திறக்கும்போது இரவு பத்து மணியாகிவிடும், கண்ணும் மூடிவிடும்.

அடுத்தது தூரம். கற்பிட்டியிலிருந்து பாலாவி வழியாகப் புத்தளம் 40 கிலோமீற்றருக்கும் அதிகம். ஒரு வகுப்புக்குப் போய்வர ஒரு நாட் கூலி இழப்பு. பஸ் செலவு வேறு.

மூன்றாவது தடை பலருக்குத் தெரிவதில்லை. இப்படிப்பில் இறுதிப் பரீட்சை மட்டும் போதாது. ஆண்டு நடுவில் ஒப்படைகளும் இடைப் பரீட்சைகளும் உண்டு. அவற்றில் போதிய புள்ளி பெற்றால்தான் இறுதிப் பரீட்சைக்குத் தகுதி. வெங்காயம் பிடுங்கும் வாரத்தில் ஓர் ஒப்படை தவறினால், அப்பாடத்தையே திரும்பப் படிக்க நேரலாம். இடையில் விடும் பெண்ணுக்கு அறிவு குறைவென்று எண்ணுவது தவறு. அவருக்குக் குறைந்தது நேரம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. ஒரே தொலைபேசி உள்ள வீட்டில் பிள்ளைக்கும் தாய்க்கும் ஒரே நேரத்தில் பாடமென்றால் விட்டுக்கொடுப்பவர் தாய்தான். பஸ் செலவு குறைந்தது. வீட்டுக்குள் இருந்த தூரம் குறையவில்லை.

செய்யக்கூடியவை

1. அனுமதி பெற்றவுடன் ஒப்படைத் திகதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டார் அனைவர் கண்ணிலும் படட்டும். அறுவடை வாரத்தில் வரும் ஒப்படையை முன்கூட்டியே எழுதி முடியுங்கள்.

2. தனியே படிக்காதீர்கள். ஒரே ஊரில் இரண்டு, மூன்று சகோதரிகள் சேர்ந்தால் முச்சக்கர வண்டிக் கூலியைப் பங்கிடலாம். ஒருவர் வகுப்புக்குப் போக முடியாத நாளில் மற்றவரின் குறிப்பு உதவும்.

3. நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது தவறாத மணியாக இருக்க வேண்டும். சுபஹுத் தொழுகைக்குப் பின்னோ, பிள்ளைகள் உறங்கிய பின்னோ, உங்களுக்கு ஏற்றதைத் தெரிவு செய்யுங்கள். பிள்ளைகள் வீட்டுப் பாடம் செய்யும்போது அதே மேசையில் நீங்களும் உட்காரலாம்.

4. கட்டணத்தைத் தவணையாகச் செலுத்த முடியுமா, தமிழில் எந்தப் பாடநெறிகள் உண்டு என்பவற்றைப் பதியுமுன் கற்கை நிலையத்தில் நேரில் கேட்டறியுங்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டு இடையில் நிற்பது இரட்டை இழப்பு.

குடும்பத்தாருக்கு

பல்கலைக்கழகம் புத்தகத்தைத் தரலாம்; நேரத்தைத் தருவது வீட்டார் கையில் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் கணவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். வகுப்பு நாளில் மாமியாரோ மதினியோ உலை வைக்கட்டும். மாதர் சங்கங்கள் வாரத்தில் இரண்டு மாலைகளாவது தங்கள் கட்டடத்தைப் படிப்பவர்களுக்குத் திறந்து கொடுக்கட்டும். நாளை நம் ஊர் முன்பள்ளியில் நம் ஊர்ப் பெண்ணே ஆசிரியையாக நிற்பார் என்றால் இந்த உதவி வீண்போகாது.

ஊரில் குளத்து நீருக்கு முறை வைத்துப் பாய்ச்சியவர்கள் நாம். யாருடைய வயலும் காயாமலிருக்க அந்த ஒழுங்கு. வீட்டிலும் நேரத்துக்கு ஒரு முறை வைப்போம். படிக்க விரும்பும் பெண்ணின் முறையை மற்றவர் எடுத்துக்கொள்ளாதிருப்போம்.