கல்லூரிக் கூடைப்பந்தாட்டமும் நன்னடத்தைத் தண்டனையும்

நன்னடத்தைக் காலம் என்னும் சொற்றொடர் நீதிமன்றச் செய்திகளைக் கேட்டுவரும் நேயர்களுக்குப் புதியதன்று. குற்றம் புரிந்த ஒருவனைச் சிறைக்கு அனுப்பாது, குறித்த சில ஆண்டுகள் ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் ஒழுகி வருமாறு பணித்தலே அது. அங்கே தவறு செய்தவனும் கண்காணிக்கப்படுபவனும் ஒருவனே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்தாட்ட அணிகளையும் இவ்வாறு நன்னடத்தைக் காலத்துக்கு உட்படுத்தும் வழக்கம் உண்டு. அங்கே தவறு செய்தவர் ஒருவராகவும், தண்டனையின் சுமையைத் தாங்குபவர் வேறொருவராகவும் அமைந்துவிடுதல் பலகாலும் நேர்கின்றது. அது எவ்வாறு நேர்கின்றது என்பதை அறிய, அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டின் அமைப்பை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் வகுக்கப்பட்டது. அமெரிக்கக் கல்லூரிகள் இவ்விளையாட்டை விரைவில் தமதாக்கிக்கொண்டன. பல்லாயிரவர் அமரும் அரங்குகளும், தொலைக்காட்சி தரும் பெருந்தொகையும் பின்னர் வந்தன. ஆயினும் கல்லூரி அணிக்கு ஓர் இயற்கைக் குறை உண்டு. ஆட்டக்காரர் அனைவரும் மாணவர். நான்கு ஆண்டுகளில் படிப்பு முடிந்ததும் வெளியேறிவிடுவர். ஆதலால் ஒவ்வோர் ஆண்டும் புதியோரைத் தேடியே தீரவேண்டும். பதினேழு, பதினெட்டு வயதுடைய உயர்பள்ளி மாணவரின் இல்லந்தேடிப் பயிற்றுநர்கள் செல்கின்றனர், பெற்றோருடன் உரையாடுகின்றனர், கல்லூரியின் செலவிலே மாணவனை வரவழைத்து இடத்தைக் காட்டுகின்றனர், உபகாரச் சம்பளம் அளிக்க முன்வருகின்றனர். இவ்வாட்சேர்ப்பே கல்லூரி அணியின் உயிர்நாடி. அடுத்த போகத்துக்கு விதைநெல் எவ்வாறோ, அணிக்கு ஆட்சேர்ப்பும் அவ்வாறே.

போட்டி மிகுந்த இடத்தில் முறைகேடும் நுழைதல் இயல்பு. மாணவனின் குடும்பத்துக்கு மறைவாகப் பணம் கொடுத்தல், பரீட்சைப் பெறுபேற்றில் மோசடி செய்தல் முதலியன நிகழ்ந்துள்ளன. இவற்றை விசாரித்துத் தண்டிக்கும் பொறுப்பு, 1906ஆம் ஆண்டு தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தைச் சார்ந்தது. சங்கம் ஒரு பல்கலைக்கழகத்தை நன்னடத்தைக் காலத்துக்கு உட்படுத்தும்போது, அக்காலம் மட்டும் பெருந்தீங்கு எதனையும் செய்வதில்லை. பல்கலைக்கழகம் அறிக்கைகள் அனுப்பவேண்டும், மீண்டும் தவறினால் தண்டனை கடுமையாகும், அவ்வளவே. உறைக்கும் தண்டனைகள் அதனோடு சேர்ந்து வருபவை. அவற்றுட் பெரும்பாலானவை ஆட்சேர்ப்பின் வேரிலேயே பாய்கின்றன.

முதலாவது, ஆண்டிறுதிச் சுற்றுப் போட்டியில் பங்குபற்றத் தடை. மார்ச்சு மாதத்தில் தொடங்கும் இப்போட்டியில் 2011ஆம் ஆண்டு முதல் 68 அணிகள் ஆடி வருகின்றன. ஒரு முறை தோற்ற அணி வெளியேறவேண்டும். நாடு முழுவதும் இதனை உற்றுநோக்கும். தொழில்முறை ஆட்டக்காரராக விரும்பும் இளைஞனுக்கு இதனினும் சிறந்த மேடை இல்லை. இரண்டாண்டுத் தடை என்பது நூறாண்டு வரலாறுடைய பல்கலைக்கழகத்துக்குச் சிறு இடைவெளி. நான்கே ஆண்டுகளையுடைய மாணவனுக்கோ அது பாதி வாழ்வு. ஒரே தண்டனை இருவருக்கும் இருவேறு அளவினதாகின்றது. மாணவர் அஞ்சி விலகுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது, உபகாரச் சம்பளங்களைக் குறைத்தல். முதற்றர ஆடவர் அணியொன்று வழங்கக்கூடிய உபகாரச் சம்பளங்கள் நெடுங்காலம் 13 ஆகவே இருந்தன. களத்தில் ஐவர் மாத்திரமே ஆடுகின்றனராயினும், காயமுற்றவருக்கு மாற்றாகவும் பயிற்சியில் எதிரணியாக நிற்கவும் ஏனையோர் வேண்டும். இரண்டு மூன்று இடங்கள் குறையுமாயின், அணியின் ஆழம் குன்றிவிடும். மூன்றாவது, மாணவரின் இல்லத்துக்குச் செல்வதையும், கல்லூரிச் செலவில் அவரை வரவழைப்பதையும் கட்டுப்படுத்தல். முன்னாளில் நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் தடை விதித்ததுண்டு. தொலைவூரிலிருந்து வரும் மாணவனின் ஆட்டத்தை அவனுடைய தாய் வீட்டிலிருந்து காணவும் இயலாது என்றால், அவன் வேறு கல்லூரியை நாடுவதில் வியப்பில்லை.

இவையன்றி, எழுத்தில் இல்லாத தண்டனையும் ஒன்றுண்டு. விசாரணை பல ஆண்டுகள் நீளக்கூடியது. அக்காலம் முழுவதும் போட்டிக் கல்லூரிகளின் பயிற்றுநர்கள், “அங்கே செல்லாதே, நாளை என்ன நேருமோ” என்று மாணவர் காதில் ஓதுவர். தீர்ப்பு வெளிவருமுன்னரே ஐயம் தன் வேலையைச் செய்துவிடுகின்றது.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அவ்வணி 1988ஆம் ஆண்டு தேசிய வெற்றி பெற்றது. பயிற்றுநர் லரி பிறவுண் தொழில்முறை அணியொன்றுக்குச் சென்றுவிட, அதுவரை தலைமைப் பயிற்றுநராகக் கல்லூரி அணி எதனையும் நடத்தியிராத றோய் வில்லியம்ஸ் அவ்விடத்துக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில், முந்திய காலத்து ஆட்சேர்ப்புத் தவறுகளுக்காக மூன்றாண்டு நன்னடத்தைக் காலம் விதிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டுச் சுற்றுப் போட்டியில் ஆட அவ்வணிக்கு அனுமதியில்லை. முந்திய ஆண்டின் வெற்றியாளர் தம் பட்டத்தைக் காக்கக் களமிறங்கவும் இயலாத நிலை அதுவே முதன்முறை. அவ்வாண்டு முழுவதும் கல்லூரிச் செலவில் மாணவரை அழைத்துவரவும் தடை இருந்தது. தவறு நிகழ்ந்த காலத்தில் அங்கில்லாத வில்லியம்ஸே விளைவைச் சுமந்தார். எனினும் 1991இல் அவர் தம் அணியை இறுதியாட்டம் வரை கொண்டுசென்றார். அங்கே டியூக் பல்கலைக்கழகத்திடம் தோல்வியுற்றார்.

கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் உருக்கமானது. 1988ஆம் ஆண்டு, ஆட்டக்காரர் ஒருவரின் தந்தைக்கு அனுப்பப்பட்ட பொதியொன்று வழியிலே திறந்துகொள்ள, உள்ளே 1,000 டொலர் காணப்பட்டதென்ற செய்தி பரவியது. விசாரணையின் முடிவில், 1989ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்றாண்டு நன்னடத்தைக் காலமும், இரண்டாண்டுச் சுற்றுப் போட்டித் தடையும், ஓராண்டு நேரடி ஒளிபரப்புத் தடையும் வந்தன. பயிற்றுநர் முன்னரே பதவி துறந்திருந்தார். சிறந்த ஆட்டக்காரர் சிலர் வேறு பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர்.

ஆனால் றிச்சி பார்மர், ஜோன் பெல்பிறி, டெறன் பெல்ட்ஹவுஸ், சோன் வூட்ஸ் என்னும் நால்வர் விலகவில்லை. முதல் மூவரும் அம்மாநிலத்துப் பிள்ளைகள். புதிய பயிற்றுநர் றிக் பிற்றினோவின்கீழ் அவர்கள் உழைத்தனர். தடை நீங்குமுன்னரே, 1990இல், நியூயோர்க் நகரிலிருந்து ஜமால் மஷ்பேர்ண் என்னும் சிறந்த இளைஞனும் வந்து சேர்ந்தான். முதலாண்டிற் சுற்றுப் போட்டி இல்லை என்பதை அறிந்தே அவன் வந்தான். தடை நீங்கிய 1992ஆம் ஆண்டு, மேலதிக நேர ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் 104க்கு 103 என டியூக் பல்கலைக்கழகத்திடம் அவ்வணி தோற்றது. ஆயினும் அந்நால்வரின் சட்டைகளும் பெருமைச் சின்னமாக அரங்கின் உச்சியில் ஏற்றப்பட்டன. 1996இல் கென்டக்கி மீண்டும் தேசிய வெற்றி பெற்றது.

இவ்விரு கதைகளையும் கேட்டு, தண்டனையால் தீங்கில்லை எனக் கருதிவிடுதல் தவறாகும். கன்சாசும் கென்டக்கியும் நீண்ட மரபுடையவை. எக்காலத்தும் நிரம்பும் அரங்குகளை உடையவை. பெயரும் பொருளும் இல்லாத சிறு கல்லூரிக்கு அதே தண்டனை கிடைத்தால், எழுந்திருக்கப் பல ஆண்டுகள் செல்லும். வேர் ஆழ்ந்த மரம் புயலுக்குத் தப்பலாம், நாற்று தப்புவதரிது.

குற்றமற்றவர் துன்புறுதலுக்கு அண்மைக் காலத்திலும் சான்றுகள் உள. லூயிவில் பல்கலைக்கழகம், அணியின் அலுவலர் ஒருவர் முந்திய ஆண்டுகளிற் செய்த முறைகேடு விசாரணையில் இருந்தபோது, 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில், தானே முன்வந்து அவ்வாண்டுச் சுற்றுப் போட்டியிலிருந்து விலகியது. வேறு கல்லூரிகளிற் பட்டம் பெற்று, எஞ்சிய ஓராண்டைச் சுற்றுப் போட்டிக்காகவே அங்கு ஆட வந்த டேமியன் லீ, ட்றே லூயிஸ் என்னும் இருவரின் நம்பிக்கை அன்றே முடிந்தது. ஒக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்திலோ, துணைப் பயிற்றுநர் ஒருவர் இலஞ்சம் பெற்றமைக்காக 2020ஆம் ஆண்டு தடை விதிக்கப்பட்டது. அங்கு சேர ஒப்பியிருந்த புகழ்பெற்ற இளைஞன் கேட் கன்னிங்ஹாம் தன் சொல்லை மாற்றவில்லை. பல்கலைக்கழகம் மேன்முறையீடு செய்தமையால், அவன் 2021ஆம் ஆண்டுப் போட்டியில் ஆட முடிந்தது. மேன்முறையீடு தள்ளப்பட்டபின், தண்டனை 2022ஆம் ஆண்டு ஆடியோர்மீது விழுந்தது. இலஞ்சம் பெற்றவர் அணியிலிருந்து நீங்கி அப்போது நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

இத்தகைய நிகழ்ச்சிகள் சங்கத்தைச் சிந்திக்க வைத்தன. 2022ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட புதிய யாப்பு, தவறிற் பங்கில்லாத மாணவரைத் தண்டனைகள் இயன்றவரை தாக்காதிருத்தல் வேண்டும் எனக் கூறுகின்றது. பல்கலைக்கழகத்துக்குப் பெருந்தண்டம் விதித்தல், தவறிழைத்த பயிற்றுநரை வேறு கல்லூரிகளும் எளிதில் அமர்த்தாவாறு தடுத்தல் ஆகிய வழிகளுக்கு இப்பொழுது முதன்மை தரப்படுகின்றது. முன்னர் வேறு கல்லூரிக்கு மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு ஆடாது காத்திருக்க நேர்ந்தது. 2021ஆம் ஆண்டு முதல் அந்நிலையும் தளர்ந்துள்ளது. ஆகவே, தண்டனை பெற்ற கல்லூரி புதியோரைப் பெறுதற்கு மட்டுமன்றி, உள்ளோரைக் காத்தற்கும் பாடுபட வேண்டியதாயிற்று.

வகுப்பில் ஒருவன் செய்த குறும்புக்காக வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்துதல் பள்ளிக்கூடங்கள் நன்கறிந்த பழைய முறை. அமைதி உடனே கிட்டும். நீதி கிட்டியதா என்பது வேறு வினா. நிறுவனத்தை முற்றாகத் தண்டியாது விட்டால், தவறினால் வந்த பயனை அது சுகமாக அனுபவிக்கும். தண்டித்தாலோ, அதன் பெயரைச் சட்டையில் தாங்கிநிற்கும் அடுத்த தலைமுறை மாணவன் அதற்கு விலை கொடுப்பான். கூடைப்பந்தாட்டக் களத்தில் எழுந்த இவ்வினா, இளைஞரை ஒழுங்குபடுத்தும் பொறுப்புடையோர் யாவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய வினாவாகும்.