லேசர் டாக்: கையெழுத்துப் போடும் முன் வாசலைப் பாருங்கள்

1984-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ‘ஃபோட்டான்’ என்ற பெயரில் முதல் லேசர் டாக் அரங்கு திறந்தது. இன்று சென்னை, பெங்களூரு மால்களிலும் உணரி பொருத்திய வெஸ்ட் மாட்டி, பேஸர் எனும் ஒளித் துப்பாக்கியைக் கையில் பிடித்து, இருட்டுக்குள் அணி அணியாக இறங்குகிறார்கள். பலருக்கு இது பிறந்தநாள் கொண்டாட்டத்தோடு முடிந்துவிடும் பொழுதுபோக்கு. சிலருக்கு அப்படி முடிவதில்லை. திரையில் வரும் மதிப்பெண் பட்டியலில் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பது அவர்களை வாராவாரம் இழுத்து வரும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ‘லேசர்ஃபோர்ஸ்’ நிறுவனத்தின் போட்டி ஆட்டம் ஒன்றில் கமாண்டர், ஹெவி, ஸ்கவுட், அம்மோ, மெடிக் என்று ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. சுட்டுத் தீர்ந்தவருக்கு அம்மோ தோட்டா தர வேண்டும், உயிர் குறைந்தவருக்கு மெடிக் உயிர் தர வேண்டும். வேகமும் கூட்டுத் திட்டமும் சேர்ந்த இந்த ஆட்டத்தின் மேல் வெறி பிடிப்பதில் வியப்பில்லை.

ஆனால் வெறி பிடித்தவர்தான் வாசலில் நீட்டப்படும் பொறுப்புத் துறப்புப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். உள்ளே போனால் தடுக்கி விழலாம் என்பது அவருக்குத் தெரியும், அதை ஏற்றுக்கொண்டுதான் போகிறார். விளையாட்டில் இருக்கும் ஆபத்தை ஏற்பது வேறு, நடத்துபவரின் அலட்சியத்தை ஏற்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை ஆடுபவரும், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

‘லேசர் கண்ணைக் கெடுக்குமா?’ என்பதுதான் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலான கருவிகளில் எதிராளியின் வெஸ்டைத் தொடுவது லேசரே அல்ல. டி.வி. ரிமோட்டில் இருப்பது போன்ற அகச்சிவப்புக் கதிர்தான் அது. குறி தெரிவதற்காகச் சில பேஸர்களில் வண்ண லேசர் சேர்க்கப்படும். அது 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும் இரண்டாம் வகுப்பு லேசராக இருந்தால், தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் இமை தானாக மூடிக் காத்துவிடும். வேண்டுமென்றே உற்றுப் பார்ப்பது கூடாது. உண்மையான ஆபத்து, இணையத்தில் வாங்கிய சக்தி வாய்ந்த பச்சை லேசர் பாயின்டரை வீட்டிலேயே பேஸரில் பொருத்திக்கொள்ளும் ‘மேம்பாட்டில்’ இருக்கிறது. வீட்டில் ஆட செட் வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

அரங்கில் காயம் வருவது பெரும்பாலும் தரையாலும் சுவராலும் சக ஆட்டக்காரராலும்தான். அதனால்தான் ஓடாதே, ஏறாதே, மோதாதே என்ற விதிகள் இருக்கின்றன. போட்டி சூடு பிடித்ததும் முதலில் காற்றில் பறப்பவையும் அவையே. ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷல் ஒருவர் உள்ளே நின்று, மீறுபவரை வெளியே அனுப்பினால்தான் விதிக்கு உயிர்.

மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு போக்கிமான் கார்ட்டூன் காட்சியின் மின்னும் ஒளியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். புகை இயந்திரத்தின் மூட்டம் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பலாம். இவை இரண்டும் உள்ளே இருக்கின்றன என்று டிக்கெட் கொடுக்கும் முன்பே சொல்வது நடத்துபவரின் கடமை.

தீ: ஒருபோதும் சமரசம் கூடாத இடம்

ஃபோட்டான் திறந்த அதே 1984-இல், மே 11 அன்று, அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் ‘பேய் மாளிகை’ எரிந்தது. வளைந்து வளைந்து போகும் இருட்டுப் பாதை, சுவரில் பஞ்சு மெத்தை, தண்ணீர் தெளிப்பானும் இல்லை. பதின்வயதினர் 8 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பின் அமெரிக்க விதிகள் இறுகின. இருட்டும் சத்தமும் வழியை மறைக்கும் அரங்குகளில் புகையை உணர்ந்ததும் விளக்குகள் தானாக எரிய வேண்டும், இசை தானாக நிற்க வேண்டும்.

நமக்கு ராஜ்கோட் நினைவிருக்க வேண்டும். 2024 மே 25 அன்று குஜராத்தின் அந்த நகரில் டி.ஆர்.பி. கேம் ஜோன் எரிந்து, குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். கோடை விடுமுறைச் சனிக்கிழமை, 99 ரூபாய் சலுகை டிக்கெட், பெருங்கூட்டம். வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லை. குஜராத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, இதை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது.

ஆகவே உள்ளே போகும் முன் இவற்றைப் பாருங்கள், கேளுங்கள்:

- நுழைந்த வழி தவிர வெளியேற இன்னொரு வழி உண்டா? அதன் முன் அட்டைப்பெட்டி, நாற்காலி அடுக்கியிருக்கிறதா?
- கதவைச் சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க முடிகிறதா? தேசியக் கட்டட விதித்தொகுப்பு அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறது.
- அபாய மணி அடித்தால் விளக்கு எரியுமா, இசை நிற்குமா? யார் நிறுத்துவார்?
- ஒரு சுற்றுக்கு எத்தனை பேர்? உள்ளே மார்ஷல் இருக்கிறாரா?
- தீயணைப்புத் துறைச் சான்று நடப்பில் உள்ளதா?

படிவம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடுமா?

‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரியைப் பார்த்ததும் பலர் வழக்கே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஒரு சேவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதில் பாதுகாப்புக் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் பறிக்கும் ஒருதலைப்பட்ச நிபந்தனைகளை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அதே சட்டம் வரையறுக்கிறது. அந்த நிபந்தனையையே எதிர்த்துப் புகார் தர வேண்டுமானால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். காயத்துக்கு இழப்பீடு கேட்க மாவட்ட ஆணையம் போதும். 18 வயது நிரம்பாத பிள்ளை போட்ட கையெழுத்து ஒப்பந்தமே ஆகாது. 1903-லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதைத் தீர்த்துவைத்துவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. மார்ஷல் தடுத்தும் ஓடி, மோதி, கணுக்கால் சுளுக்கிக்கொண்டவருக்குச் சட்டம் அவ்வளவு எளிதாகக் கை கொடுக்காது. வலிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம், அண்மை அறுவைச் சிகிச்சை ஆகியவற்றைப் படிவத்தில் மறைத்தாலும் உங்கள் பக்கம் பலவீனமாகும்.

பணத்திலும் உரிமை உண்டு. பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. கருவி கெட்டு ஆட்டம் பாதியில் நின்றாலும், அறிவித்த போட்டி நடக்காமல் போனாலும் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற பலகை முடிவான பதில் ஆகாது. உறுப்பினர் அட்டைக்காகக் கொடுத்த செல்பேசி எண்ணை வேறு யாருக்கோ தருவதும் அதே சட்டத்தின் கீழ் வரும்.

அடிபட்டால் என்ன செய்வது?

முதலில் சிகிச்சை. பெரிய காயமானால் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்குங்கள். தலையில் அடிபட்டிருந்தால் வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அன்றே நிர்வாகத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள், மின்னஞ்சலே போதும். கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதில் கேளுங்கள். சில நாள்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பில், படிவத்தின் படம், உடன் ஆடியவர்களின் சாட்சியம், மருத்துவச் செலவு ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள்.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்குக் கட்டணத்துக்குக் கணக்கு, கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்கு நீங்கள் கட்டிய தொகைதான். அது 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே இல்லை. சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

அலட்சியத்தால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேர்ந்தால் அது குற்றமும்கூட. பாரதிய நியாய சன்ஹிதாவின் 125, 106-ஆம் பிரிவுகள் அதற்கானவை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பூட்டிய அவசர வழியைப் பார்த்தால் யாருக்கும் அடிபடும் வரை காத்திருக்க வேண்டாம். படம் எடுத்துத் தீயணைப்புத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் புகார் அனுப்பலாம்.

ஆய்வுக்கு வரும் அதிகாரி அரங்கை எப்போதோ ஒரு நாள், விளக்கு எரியும்போது பார்க்கிறார். வாராவாரம் ஆடுபவருக்கோ எந்தத் திருப்பத்தில் தரை வழுக்கும், எந்தக் கதவு திறக்காது என்று இருட்டிலேயே தெரியும். போட்டிக்குப் பதிவு செய்யும் அணித் தலைவர்கள், கட்டணம் கட்டும் முன் மேலே உள்ள கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்டால் எந்த நிர்வாகமும் அதைத் தட்டிக்கழிக்கத் தயங்கும். பதில் வராத அரங்கில் ஆட மறுப்பதும் வாடிக்கையாளரின் உரிமைதான்.